அத்தியாயம் 4: குழுவில் யார் உட்கார வேண்டும்?

வயல்வெளிப் பறவைகளுக்காக ஓர் அமைப்பு தொடங்கலாம் என்று பேச்சு வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை தொலைநோக்கியோடு கிளம்பும் நண்பர்கள் ஏழு பேர் டீக்கடையில் கூடி, பெயர், சின்னம், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிவுசெய்வார்கள். தலைவர் கல்லூரிப் பேராசிரியர், செயலாளர் வங்கி ஊழியர், பொருளாளர் புகைப்படக்காரர். ஏழு பேரில் ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் விவசாய நிலம் இராது. சரணாலயத்துக்கு உதவும் அமைப்பென்றால் இது போதும். அங்கே நிலம் அரசுடையது. வயல் பறவை முட்டையிடுவதோ அடுத்தவர் பட்டாவில். அந்தப் பட்டாதாரர் குழுவுக்கு வெளியே இருக்கும்வரை நீங்கள் அவருக்கு வேலி தாண்டி வந்து புத்தி சொல்லும் ஆள்தான்.

நம் ஊரில் பறவைப் பாதுகாப்பின் வரலாறே விவசாயிகளிடமிருந்து தொடங்குகிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டவர்கள் ஊர்க்காரர்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் கேட்டபடி, பறவைகளைக் காக்க உறுதியளிக்கும் கௌல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்கள் கணக்கு. அதில் பக்தியும் இருந்திருக்கும், பாசமும் இருந்திருக்கும். ஆனால் கணக்கு இருந்ததால்தான் அந்தக் காவல் நிலைத்தது.

இந்த நூல் முழுக்கத் திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகளை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம், மாறி மாறி மேயும் காங்கேயம் மாடுகள். பார்த்தால் பொட்டல், ஆனால் கௌதாரி, காடை, வானம்பாடி, மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, பனங்காடை, கரிச்சான் எல்லாவற்றுக்கும் வீடு. இத்தனையும் தனியார் நிலம். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு பங்காளித் தகராறு. டெல்டாவிலோ தேனியிலோ இருப்பவர்கள் பயிரையும் பறவையையும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

குழுவில் பாதிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கட்டும். அதிலும் பெரிய பண்ணையக்காரர்களை மட்டும் அடுக்காதீர்கள். ஐந்து ஏக்கர் கொரங்காடும் நான்கு மாடும் வைத்திருப்பவர் சொன்னால் பக்கத்துக் காட்டுக்காரர் கேட்பார். ஐம்பது ஏக்கர்காரர் சொன்னால் "அவருக்கென்னங்க" என்று போய்விடுவார். ஆடு மேய்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். எந்தப் புதரில் கௌதாரி அடை காக்கிறது, எந்த மொட்டைப் பனையில் பனங்காடை நுழைகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் பறவைப் புத்தகக்காரருக்கும் தெரியாது. களையெடுக்கும் பெண்களில் ஒருவர், டிராக்டர் ஓட்டுபவர் ஒருவர். கோடை உழவில் கலப்பை முட்டையின் மேல் போவதும் போகாமலிருப்பதும் அந்த டிராக்டர்காரர் கையில் இருக்கிறது, நிலத்துக்காரர் கையில்கூட இல்லை. உள்ளூர் கால்நடை மருத்துவர் ஆலோசகராக இருந்தால் நல்லது. உரக்கடைக்காரரை உறுப்பினராகச் சேர்ப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அவரைப் பகைத்துக்கொண்டு நீங்கள் ஒரு வருடம்கூட ஓட்ட முடியாது. கூட்டத்துக்கு அழையுங்கள், காபி கொடுங்கள், ஓட்டுரிமை கொடுக்காதீர்கள்.

பறவை பார்ப்பவர்களுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. எண்ணுவது, பதிவுசெய்வது, இனம் பிரித்துச் சொல்வது. ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போவது. பறவை பார்ப்பவர்களில் ஒருவர் செயலாளராக இருந்தால் கடிதப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கும். தலைவர் நாற்காலியில் மட்டும் காட்டுக்காரர் உட்காரட்டும்.

பழைய வேட்டைக்காரரைச் சேர்ப்பதா என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். கௌதாரிக்கு வலை வைத்தவர், காடைக்குக் கண்ணி போட்டவர். சேருங்கள் என்பேன். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் வசந்த காலத்தில் ஆட்காட்டி முட்டை தேடி எடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்த முட்டை தேடிகளே ஊருக்கு ஊர் பறவைக் காவல் சங்கம் அமைத்து, மேய்ச்சல் நிலத்தில் கூடு இருக்கும் இடத்தைக் குச்சி நட்டுக் குறித்து, புல் வெட்டும் விவசாயிக்குச் சொல்லும் வேலையைச் செய்தார்கள். கூட்டைக் கண்டுபிடிக்கும் கண் அவர்களிடம்தான் இருந்தது. நம் ஊர் வலைக்காரரிடமும் அந்தக் கண் இருக்கிறது. ஒரே நிபந்தனை: வலையை விட்டுவிட்டேன் என்று ஊர் முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்றால் பறவையைப் பிடிப்பது மட்டுமல்ல, முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதும்தான். இதைக் குழுவில் எல்லோருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வேகமாக முடியும், சிலர் கையிலேயே நிற்கும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும்; குறைந்தது ஏழு பேர், ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல், நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிப்பது என்று வேலை கூடுதல். நான் சங்கத்தையே சிபாரிசு செய்வேன். அந்தக் கூடுதல் வேலைதான் தலைவரைத் தலைவராக மட்டும் வைத்திருக்கிறது. அறக்கட்டளைதான் வேண்டும் என்றால் பத்திரத்திலேயே மூன்றாண்டுப் பதவிக்காலம், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பது, கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்பது மூன்றையும் எழுதிவிடுங்கள். பத்திர எழுத்தர் வைத்திருக்கும் அச்சு வாசகத்தில் "நிறுவனரும் அவருக்குப் பின் அவரது வாரிசுகளும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இனி மயில்.

இந்த வட்டாரத்தில் பறவை அமைப்பின் தலைவர் என்று சொல்லிக்கொண்டு எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்க, குருவியப் பத்தி அப்புறம் பேசலாமுங்க. மொதல்ல இந்த மயிலுக்கு ஒரு வழி சொல்லுங்க." இதற்குப் பதில் வைத்திராதவர் தலைவராகக் கூடாது. நிலக்கடலை விதைத்த மறுநாளே கிளறுகிறது, தக்காளியைக் கொத்திப் போடுகிறது, சோளக்கதிரை விடுவதில்லை. விவசாயி சொல்வது மிகையல்ல. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மயிலின் எண்ணிக்கை நீண்டகாலப் போக்கில் 150 சதவீதத்துக்கும் மேல் கூடியிருப்பதாகச் சொல்கிறது. அதே அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. பனங்காடை பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரே நிலத்தில் ஒன்று பெருகுகிறது, மற்றது தேய்கிறது. பறவைப் பாதுகாப்பு என்றாலே மயில் பாதுகாப்பு என்று ஊர் நினைத்திருக்கும் வரை பனங்காடைக்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

எனவே கூட்டத்தில் "மயில் தேசியப் பறவை" என்று ஆரம்பிக்காதீர்கள். 1963இலிருந்து அது தேசியப் பறவை என்பதும், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதும், கொன்றால் சிறை என்பதும் கேட்பவருக்குத் தெரியும். வருடா வருடம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடம் முருகன் வாகனத்தைப் பற்றி நாம் சொல்ல என்ன இருக்கிறது? நட்டத்தை ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை ஏக்கர், எந்தப் பயிர், எந்த வாரம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் காடுகள் ஒரே வாரத்தில் விதைத்தால் நட்டம் பரவலாகி ஒருவர் தலையில் விழாமல் போகும். முளை வரும் பத்து நாளுக்கு மினுங்கும் நாடா கட்டுவது, காய்கறிப் பாத்திக்கு வலை போடுவது, காலையும் மாலையும் ஆள் நிற்பது. இவற்றில் எதுவும் முழுத் தீர்வல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வலையை அமைப்பே வாங்கி வைத்து வாடகையில்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பறவை அமைப்பு பறவையைத் தடுக்க வலை கொடுப்பதா என்று நகரத்து உறுப்பினர் ஒருவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். எழுதிவைத்த நட்டக் கணக்கைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அரசிடம் மயில் பிரச்சினையைக் கொண்டுபோன அமைப்பு என்று பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் மொட்டைப் பனையை விட்டுவையுங்கள் என்று கேட்கும்போது காது கொடுப்பார்கள்.

மொட்டைப் பனை என்பது சின்ன விஷயமில்லை. தலை போன பனையில்தான் பனங்காடையும் கிளியும் புள்ளி ஆந்தையும் பொந்து பிடிக்கின்றன. நிலத்துக்காரருக்கு அது பயனற்ற கட்டை. செங்கல் சூளைக்குப் போனால் கொஞ்சம் பணம். பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆனால் காய்ந்த மரத்துக்காக யாரும் கலெக்டர் அலுவலகம் போவதில்லை. தலைவர் செய்ய வேண்டியது, ஊரில் உள்ள மொட்டைப் பனைகளுக்கு ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொரு சொந்தக்காரரையும் நேரில் பார்த்துக் கேட்பது. சும்மா கேட்காதீர்கள். "இந்தப் பனையில கூடு வெச்சது உங்க காட்டு வெட்டுக்கிளியத்தானுங்க திங்குது" என்று, அது பூச்சியைத் தூக்கிக்கொண்டு கம்பியில் உட்காரும் நேரத்தில் காட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

வேலை எதுவானாலும் விவசாயியின் காலண்டரில்தான் நடக்க வேண்டும். மஞ்சள்மூக்கு ஆட்காட்டி முட்டையிடுவது பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மே வரை. கோடை மழை விழுந்ததும் உழவு. இரண்டும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. மண் நிறத்தில் நான்கு முட்டை, வெறும் தரையில். உழவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆடு மேய்ப்பவரும் டிராக்டர்காரரும் ஒரு சுற்று நடந்தால் போதும். கூட்டின் மேலேயே கொடி நடாதீர்கள். காக்கையும் நாயும் இரண்டே நாளில் கொடியின் அர்த்தத்தைப் படித்துவிடும். பத்தடி தள்ளி இரண்டு பக்கமும் ஒரு குச்சி, அதுவும் உழவு முடியும்வரை மட்டும். நடுவில் ஒரு கட்டில் அளவு இடத்தை உழாமல் விட்டால் நிலத்துக்காரருக்கு எதுவும் குறைந்துவிடாது. இதைச் செய்த டிராக்டர்காரருக்கு ஊர்க் கூட்டத்தில் ஒரு துண்டு போர்த்துங்கள். பத்திரிகைச் செய்தியைவிட அது வேலை செய்யும்.

கிளுவை வேலியைக் கம்பி வேலியாக மாற்றுவது இப்போது வேகமாக நடக்கிறது. மாற்றுபவரைத் திட்டிப் பயனில்லை. கிளுவையை வெட்டிவிட ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் காரணம். பருவ மழைக்கு முன் போத்து வெட்டி நடவும் பழைய வேலியைச் சீர்செய்யவும் அமைப்பு ஓர் ஆள் படையைக் கூலி கொடுத்து வைத்திருந்தால் அதைவிடப் பெரிய பறவைத் தொண்டு இந்த மண்ணில் இல்லை. பயறு வயலுக்குப் பறவை தாங்கி கொடுப்பது எளிது, செலவும் குறைவு: ஏக்கருக்கு இருபது வரை நடலாம், கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும், இரவில் கூகை வந்து எலியைப் பிடிக்கும். சோளமும் கம்பும் பால் பிடிக்கும் பருவத்தில் மறக்காமல் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நட்டுக் கொடுத்த குச்சியில் உட்கார்ந்தே கிளியும் சில்லையும் கதிரைத் தின்னும், அந்தப் பழி உங்கள் அமைப்பின் பெயரில் நிற்கும்.

கூட்டம் போடும் நேரத்தையும் யோசியுங்கள். ஞாயிறு காலை பத்து மணி நகரத்துக்காரர் நேரம். இங்கே பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் மாலை நேரமே சரி. செய்தி பரவுவதும் அங்கிருந்துதான். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும்போது ஒரு சாமியானா போட்டால் சுற்று வட்டாரமே வந்து போகும்.

எல்லாவற்றிலும் கடினமானது விஷம். ஒரு நாள் காலை யாராவது போன் செய்வார்கள்: வரப்போரம் ஏழெட்டு மயிலும் நான்கு கௌதாரியும் செத்துக் கிடக்கின்றன, பக்கத்தில் தானியம் சிதறியிருக்கிறது. வெறுங்கையால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள், நாய்கள் நெருங்காமல் ஆள் நிறுத்துங்கள். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்யும்வரை அங்கேயே இருங்கள். நிலத்துக்காரர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் உறுப்பினரை அன்றே நீக்குங்கள். விஷத்தை வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் உங்கள் பங்காளியாகவோ மாமனாகவோகூட இருக்கலாம். அப்போது என்ன செய்வது என்று அன்றைக்கு யோசித்தால் தவறான முடிவுதான் வரும். அமைப்பு தொடங்கிய முதல் கூட்டத்திலேயே ஊர் முன்னால் சொல்லிவிடுங்கள்: செத்த பறவை கிடந்தால் நாங்கள் வனத்துறைக்குச் சொல்வோம், யார் காடு என்று பார்க்க மாட்டோம், ஆனால் மருந்து வைக்கும் எண்ணம் வரும் அளவுக்கு நட்டம் என்றால் முன்கூட்டியே எங்களிடம் வாருங்கள். முதலில் சொல்லாமல் பிறகு புகார் கொடுத்தால் காட்டிக் கொடுத்தவர் ஆவீர்கள். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருந்தால் அமைப்பே பொய்யாகிவிடும்.

வேண்டுமென்று வைக்கும் விஷம் மட்டுமல்ல. மோனோகுரோட்டோபாஸ் பறவைகளுக்கு எவ்வளவு கொடியது என்று அர்ஜென்டினாவில் 1995–96இல் உலகம் பார்த்தது; வெட்டுக்கிளிக்கு அடித்த மருந்தில் பூச்சி தின்ன வந்த பருந்தினம் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது. இந்தியாவில் அந்த மருந்தின் 36 சதவீதத் திரவத்துக்கு 2023இல்தான் மத்திய அரசு தடை ஆணை கொண்டுவந்தது. பழைய புட்டி மாட்டுக் கொட்டகை மாடத்தில் இருக்கிறதா என்று உறுப்பினர்கள் முதலில் தங்கள் வீட்டில் பார்க்கட்டும்.

பணத்துக்கு வருவோம். வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையெழுத்து; ஒருவர் கண்டிப்பாகக் காட்டுக்காரர். நன்கொடைக்கு ரசீது, ஐம்பது ரூபாய் என்றாலும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. காசோலையோ யுபிஐயோ கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்புகிறேன் என்றால் அவர் இந்தியக் குடிமகனா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆண்டுக் கணக்கைப் பால் சொசைட்டி சுவரில் ஒட்டுங்கள். படிப்பவர் நான்கு பேர்தான் இருப்பார்கள். அந்த நான்கு பேர் நாற்பது பேரிடம் சொல்வார்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பெரிய தொகையாக வரும், கூடவே ஒரு சங்கடமும் வரும். கொரங்காட்டை வாங்கிச் சூரிய ஒளித் தகடு பதிக்கும் நிறுவனமே "பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருகிறோம்" என்று வரலாம். வாங்குவதா? நான் வாங்க மாட்டேன். வேறு ஊரில் வேறு முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அந்த விதியைக் காசோலை வருவதற்கு முன்பே பொதுக்குழுவில் எழுதி வைத்துவிட வேண்டும். காசோலையை மேசையில் வைத்துக்கொண்டு கொள்கை பேசினால் காசோலைதான் ஜெயிக்கும்.

கடைசியாக, பதவி மாற்றம். உள்ளூர் அமைப்புகள் பணமில்லாமல் சாவதைவிட, ஒரே ஆளின் போனிலும் தலையிலும் எல்லாம் இருந்து அவரோடு சேர்ந்து முடிவதே அதிகம். கூட்டுக் குறிப்புகள், பனைப் பட்டியல், மயில் நட்டக் கணக்கு, வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல் எல்லாம் அமைப்பின் அலமாரியில் தடித்த நோட்டில் இருக்கட்டும். பறவைப் பதிவுகளை இ-பேர்டிலும் ஏற்றிவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த செயலாளரைக் கூடவே அழைத்துப் போய் வனச்சரகரிடமும் வேளாண் அலுவலரிடமும் அறிமுகப்படுத்துங்கள். பதவிக்காலம் முடிந்த வாரமே வங்கியில் கையெழுத்தை மாற்றி, மாவட்டப் பதிவாளருக்கும் புதிய நிர்வாகிகள் பட்டியலை அனுப்பிவிடுங்கள். பழைய தலைவர் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும், பின்வரிசையில் உட்காரட்டும், கேட்டால் மட்டும் பேசட்டும்.